நன்னடத்தையை அளப்பது யார்? அமெரிக்கக் குடியுரிமைச் சட்டம் கடந்து வந்த பாதை

அமெரிக்காவில் நிரந்தரமாகத் தங்கும் உரிமை பெற்ற ஒருவர், பொதுவாக ஐந்து ஆண்டுகளுக்குப் பின்னர் அந்நாட்டுக் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கலாம். ஆங்கில அறிவு, அந்நாட்டு வரலாறு மற்றும் அரசமைப்பு பற்றிய அறிவு ஆகியவற்றுடன் அவர் மெய்ப்பிக்க வேண்டியது இன்னொன்றும் உண்டு. அது நன்னடத்தை. இச்சொல்லுக்கு அமெரிக்கச் சட்டத்தில் நேரான வரையறை கிடையாது. எவையெல்லாம் நன்னடத்தை ஆகாது என்ற பட்டியல் மட்டுமே இருக்கிறது. கொலைக் குற்றத்துக்குத் தண்டனை பெற்றவர், குடிக்கு அடிமையானவர், சூதாட்ட வருமானத்தில் வாழ்பவர், குடியேற்றப் பயனுக்காகப் பொய்ச் சாட்சியம் அளித்தவர் என்று அப்பட்டியல் நீள்கிறது. பட்டியலில் இடம்பெறாத ஒருவர் நல்லவர் என்றே இதுவரை பெரும்பாலும் கொள்ளப்பட்டு வந்தது.

2025 ஆகஸ்ட் மாதத்தில் இந்த நடைமுறை மாறியது. குற்றம் எதுவும் இல்லை என்பது மட்டும் போதாது, விண்ணப்பதாரரிடம் ஆக்கபூர்வமான நற்பண்புகள் இருப்பதையும் அதிகாரிகள் காண வேண்டும் என்று அமெரிக்கக் குடியுரிமை மற்றும் குடியேற்றச் சேவைகள் துறை தன் அலுவலர்களுக்கு உத்தரவிட்டது. இது இந்தியர்களுக்குத் தொலைவான செய்தி அன்று. 2024 நிதியாண்டில் 8 லட்சத்து 18 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் அமெரிக்கக் குடியுரிமை பெற்றனர். அவர்களில் மெக்சிகோவுக்கு அடுத்த இடத்தில் இருந்தவர்கள் இந்தியாவில் பிறந்தவர்களே. ஏறத்தாழ 50 ஆயிரம் பேர்.

ஒரு மனிதரின் குணத்தை அரசு எந்தத் தராசில் நிறுத்துப் பார்க்கிறது என்ற கேள்வி அமெரிக்காவுக்குப் புதியதன்று. அந்நாடு தோன்றிய நாளிலிருந்தே அக்கேள்வி உடன்வருகிறது. அதற்குக் கிடைத்த விடைகளுள் பெருமைக்குரியவையும் உண்டு, வெட்கத்துக்குரியவையும் உண்டு.

மன்னரில்லா நாட்டின் கவலை

பிரிட்டிஷ் பேரரசில் பிறந்தவர் மன்னரின் குடிபடை. அந்தப் பிணைப்பு பிறப்பினால் வந்தது. அதற்குக் குணமோ கொள்கையோ தேவைப்படவில்லை. மன்னரை உதறிவிட்டுப் பிறந்த புதிய குடியரசில் அத்தகைய பிணைப்பு இல்லை. பொதுவான மதம் இல்லை. ஆங்கிலேயர், ஸ்காட்லாந்தியர், டச்சுக்காரர், ஜெர்மானியர் என்று வந்தவர்களுக்கு இடையே பொதுவான வமிசமும் இல்லை. மக்களே சட்டம் இயற்றி, அச்சட்டத்துக்கு மக்களே கீழ்ப்படிய வேண்டிய அமைப்பு அது. அத்தகைய நாட்டை ஒன்றாகக் கட்டி வைப்பது குடிமக்களின் நடத்தையும், அரசமைப்புச் சட்டக் கொள்கைகளின் மீது அவர்கள் வைக்கும் பற்றும்தான் என்று அதை நிறுவியவர்கள் கருதினர்.

1790 ஆகஸ்டில் ரோட் தீவு மாகாணத்தின் நியூபோர்ட் நகர யூதச் சமூகத்தாருக்கு அதிபர் ஜார்ஜ் வாஷிங்டன் ஒரு மடல் எழுதினார். அமெரிக்க அரசு தன் பாதுகாப்பில் வாழ்பவர்களிடம் எதிர்பார்ப்பது நல்ல குடிமக்களாக நடந்துகொள்வதையும் அரசுக்குத் துணை நிற்பதையும் மட்டுமே என்பது அம்மடலின் சாரம். ஒரு பிரிவினர் இன்னொரு பிரிவினர்மீது இரக்கம் கொண்டு சகித்துக்கொள்வதாகப் பேசும் காலம் முடிந்துவிட்டது என்றும், வழிபாட்டு உரிமை எவரும் போடும் பிச்சை அன்று என்றும் அதில் அவர் உணர்த்தினார். நடத்தை ஒன்றே அளவுகோல் என்ற கருத்துக்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது.

ஆனால் அதே ஆண்டு மார்ச் மாதத்தில்தான் அமெரிக்க நாடாளுமன்றம் தன் முதல் குடியுரிமைச் சட்டத்தை இயற்றியிருந்தது. இரண்டு ஆண்டுகள் வசித்த, நற்குணமுள்ள, சுதந்திரமான 'வெள்ளையர்' குடியுரிமை கேட்கலாம் என்றது அச்சட்டம். குணமும் நிறமும் ஒரே வரியில் அருகருகே வைக்கப்பட்டன. அடுத்த 162 ஆண்டுக் காலம் இந்த இரண்டுக்கும் இடையே நடந்த இழுபறியே அமெரிக்கக் குடியுரிமையின் வரலாறு.

1795-இல் வந்த சட்டம் வசிப்புக் காலத்தை ஐந்து ஆண்டுகளாக்கியது. நன்னடத்தை, அரசமைப்புச் சட்டக் கொள்கைகளில் பற்று, நாட்டின் நல்லொழுங்கிலும் நலனிலும் நாட்டம் ஆகிய தொடர்கள் அப்போதுதான் சட்டத்தில் ஏறின. இன்றும் ஏறத்தாழ அதே சொற்களே நிலைத்திருக்கின்றன. பிரபுப் பட்டம் உடையவர்கள் அதைத் துறந்த பின்னரே குடிமகனாகலாம் என்ற விதியும் அதில் இருந்தது. மூன்றே ஆண்டுகளில், 1798-இல், வசிப்புக் காலம் 14 ஆண்டுகளாக உயர்த்தப்பட்டது. அப்போது ஆட்சியில் இருந்த கூட்டாட்சிக் கட்சியினர், புதிதாக வருபவர்கள் தாமஸ் ஜெபர்சனின் கட்சிக்கு வாக்களிப்பார்கள் என்று அஞ்சியதே அதற்குக் காரணம். ஜெபர்சன் அதிபரான பின்பு, 1802-இல், அது மீண்டும் ஐந்து ஆண்டுகளாகக் குறைக்கப்பட்டது. நாட்டுப்பற்று வேரூன்ற எத்தனை ஆண்டுகள் ஆகும் என்ற கேள்விக்கு அன்று விடை தந்தது வாக்குக் கணக்கு.

குடியேறியவரும் நிறுவனர்களின் வாரிசே என்பதற்கான மிகச் சிறந்த விளக்கத்தை, அதிபராவதற்கு முன்பே ஆபிரகாம் லிங்கன் அளித்துவிட்டார். 1858 ஜூலையில் சிகாகோவில் பேசிய அவர், ஜெர்மனியிலிருந்தும் அயர்லாந்திலிருந்தும் பிரான்சிலிருந்தும் வந்தவர்கள் 1776-ஆம் ஆண்டு மனிதர்களோடு தங்களை இணைக்கும் இரத்த உறவைத் தேடினால் எதுவும் கிடைக்காது என்றார். எல்லா மனிதரும் சமம் என்ற விடுதலைச் சாற்றுரையின் கொள்கையைப் படிக்கும்போது, அக்கொள்கையின் வழியே தாங்களும் அந்த முன்னோர்களின் வழித்தோன்றல்களே என்று அவர்கள் உரிமை கொண்டாடலாம் என்பது அவர் வாதம். குருதிக்குப் பதில் கொள்கை. அமெரிக்க ஒற்றுமை பற்றி இன்றுவரை பேசப்படும் கருத்தின் வேர் இதுவே. உள்நாட்டுப் போருக்குப் பின், 1868-இல் வந்த 14-ஆவது திருத்தம் அமெரிக்க மண்ணில் பிறந்தவர்களைக் குடிமக்கள் ஆக்கியது. 1870-இல் ஆப்பிரிக்க வமிசத்தாருக்கும் குடியுரிமை வழங்கும் சட்டம் விரிவுபடுத்தப்பட்டது. ஆசியர்கள் வெளியே நின்றனர்.

குணம் நன்று, நிறம் தடை

ஜப்பானில் பிறந்த டகாவோ ஒசாவா 20 ஆண்டுகள் அமெரிக்காவில் வாழ்ந்தவர். கலிபோர்னியாவில் படித்தவர். வீட்டில் ஆங்கிலம் பேசியவர். தன் பிள்ளைகளை அமெரிக்கப் பள்ளிகளுக்கும் தேவாலயத்துக்கும் அனுப்பியவர். 1922 நவம்பரில் அவரது வழக்கைத் தீர்த்த உச்ச நீதிமன்றம், குணத்தாலும் கல்வியாலும் அவர் குடியுரிமைக்கு மிகவும் தகுதியானவர் என்பதில் எவருக்கும் மறுப்பில்லை என்று பதிவு செய்துவிட்டு, அவர் வெள்ளையர் அல்லர் என்று கூறி மனுவைத் தள்ளியது. வெள்ளையர் என்றால் காகேசிய இனத்தவர் என்பது நீதிமன்றம் தந்த பொருள்.

அந்தப் பொருளைப் பற்றிக்கொண்டு வந்தார் பஞ்சாபைச் சேர்ந்த பகத் சிங் திண்ட். 1913-இல் அமெரிக்கா சென்ற அவர், முதல் உலகப் போர்க் காலத்தில் அமெரிக்க ராணுவத்தில் சேர்ந்தார். தலைப்பாகையுடன் பணியாற்றி, நன்மதிப்புடன் விடுவிக்கப்பட்டார். அவருடைய விடுவிப்புச் சான்றில் நடத்தை 'மிகச் சிறப்பு' என்று குறிக்கப்பட்டிருந்தது. அன்றைய இன நூல்கள் வட இந்தியர்களைக் காகேசியர் என்றே வகைப்படுத்தின. எனவே தானும் தகுதியானவரே என்பது திண்டின் வாதம். தான் உயர் சாதியினர் என்பதையும் அந்த வாதத்துக்குத் துணையாக அவர் தரப்பு முன்வைத்தது. சமத்துவத்தைக் கோரிச் சென்றவர் சாதியைச் சாட்சிக்கு அழைத்தது அந்தக் காலத்தின் முரண்.

1923 பிப்ரவரி 19 அன்று உச்ச நீதிமன்றம் ஒருமனதாக அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. மூன்று மாதங்களுக்கு முன்பு இன நூலை நாடிய அதே நீதிபதி ஜார்ஜ் சதர்லாண்ட், இம்முறை நூல்கள் கூறுவது முக்கியமன்று, சாமானியர் 'வெள்ளையர்' என்று எவரைக் கருதுகிறாரோ அவரே வெள்ளையர் என்று எழுதினார். இரண்டு தீர்ப்புகளிலும் மனுதாரரின் நடத்தை கேள்விக்குள்ளாகவில்லை. அளவுகோல் மட்டும் தேவைக்கேற்ப மாறியது.

தீர்ப்பின் விளைவு திண்டோடு நிற்கவில்லை. ஏற்கெனவே குடியுரிமை பெற்றிருந்த இந்தியர்கள் பலரிடமிருந்து அதைப் பறிக்க அரசு வழக்குத் தொடுத்தது. சான் பிரான்சிஸ்கோவில் கடை நடத்திவந்த வைஷ்ணோ தாஸ் பாகாய் அவ்வாறு குடியுரிமை இழந்தவர்களுள் ஒருவர். பிரிட்டிஷ் ஆட்சியை வெறுத்து, அமெரிக்கரானதால் அக்குடியுரிமையை விட்டவர். குடியுரிமை அற்றவர் ஆனதும் கலிபோர்னியச் சட்டம் அவரது சொத்துரிமையையும் பறித்தது. இந்தியாவுக்கு வந்துபோக வேண்டுமானால் பிரிட்டிஷ் கடவுச்சீட்டைப் பெற்றுக்கொள்ளுமாறு அவருக்குச் சொல்லப்பட்டது. 1928-இல், தன் நிலையை விளக்கி நாளிதழுக்குக் கடிதம் எழுதிவிட்டு, அவர் உயிரை மாய்த்துக்கொண்டார். இந்திய வழக்குரைஞர் சகாராம் கணேஷ் பண்டித் மட்டும் தன் வழக்கைத் தானே நடத்தி வென்றார். அவருக்கு எதிரான மேல்முறையீட்டை உச்ச நீதிமன்றம் 1927-இல் ஏற்க மறுத்த பின்னரே இந்தப் பறிப்பு நடவடிக்கை ஓய்ந்தது. முதல் உலகப் போர் வீரர்களுக்கென 1935-இல் வந்த சட்டத்தின் கீழ், 1936-இல் திண்ட் மூன்றாம் முறையாகக் குடியுரிமை பெற்றார். இம்முறை அது நிலைத்தது.

இந்தியர்களுக்குப் பொதுவாகக் கதவு திறந்தது 1946 ஜூலையில். அமெரிக்க இந்திய லீகின் தலைவர் ஜே. ஜே. சிங் உள்ளிட்டோரின் நெடிய முயற்சியால் நிறைவேறிய லூஸ்-செல்லர் சட்டம், இந்தியர்களுக்குக் குடியுரிமைத் தகுதியையும் ஆண்டுக்கு 100 பேர் குடியேறும் வாய்ப்பையும் அளித்தது. எண்ணிக்கை சிறிது. ஆனால் 1920-இல் மாணவராகச் சென்று, பெர்க்லியில் கணிதத்தில் முனைவர் பட்டம் பெற்று, குடியுரிமை இல்லாத காரணத்தால் விவசாயியாகவே காலம் கழித்த தலிப் சிங் சௌந்த் 1949-இல் குடிமகனானார். 1956-இல் கலிபோர்னியாவிலிருந்து நாடாளுமன்றப் பிரதிநிதிகள் அவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அந்த அவைக்குச் சென்ற முதல் ஆசிய அமெரிக்கர் அவரே. குடியுரிமைச் சட்டத்திலிருந்து நிறத் தடை முற்றிலும் நீங்கியது 1952-இல்.

நம்பிக்கையைத் தேர்வு செய்ய முடியுமா?

நிறம் ஒரு தடை என்றால், கருத்து இன்னொரு தடையாக இருந்தது. ஹங்கேரியில் பிறந்த ரோசிகா ஸ்விம்மர் பெண்களின் வாக்குரிமைக்காகவும் உலக அமைதிக்காகவும் உழைத்தவர். ஐம்பது வயதை நெருங்கிய அப்பெண்மணியிடம், நாட்டைக் காக்க ஆயுதம் ஏந்துவீர்களா என்று விண்ணப்பப் படிவம் கேட்டது. மாட்டேன் என்று அவர் உண்மையைச் சொன்னார். அவர் வயதுப் பெண்களை எந்த ராணுவமும் அழைக்கப்போவதில்லை. இருந்தும் 1929-இல் உச்ச நீதிமன்றம் அவருக்குக் குடியுரிமை மறுத்தது. மாறுபட்ட தீர்ப்பெழுதிய நீதிபதி ஆலிவர் வெண்டல் ஹோம்ஸ், நம்மோடு உடன்படுபவரின் சிந்தனைக்கு மட்டுமன்றி நாம் வெறுக்கும் சிந்தனைக்கும் சுதந்திரம் தருவதே அரசமைப்புச் சட்டத்தின் அடிப்படை என்ற கருத்தை அதில் பதிந்தார். ஹோம்ஸ் உள்நாட்டுப் போரில் போரிட்டுக் காயமடைந்தவர் என்பதையும் சேர்த்து நினைக்க வேண்டும்.

அந்தச் சிறுபான்மைக் கருத்து 1946-இல் பெரும்பான்மைக் கருத்தாயிற்று. ஆயுதம் ஏந்த மறுத்து, ஆயுதமற்ற பணிக்கு முன்வந்த கனடிய நாட்டவரான ஜிரார்டு என்பவரின் வழக்கில், நீதிமன்றம் தன் பழைய நிலையைக் கைவிட்டது. இன்றைய குடியுரிமை உறுதிமொழியில் ஆயுதம் ஏந்தும் கடமை இடம்பெற்றிருந்தாலும், மதப் பயிற்சியாலும் நம்பிக்கையாலும் அதை ஏற்க இயலாதவர்கள் அந்தப் பகுதியை விட்டுவிட்டு உறுதி ஏற்கலாம்.

ஒற்றுமையை எவ்வாறு வளர்ப்பது என்ற கேள்வி மிகக் கூர்மையாக எழுந்தது பள்ளிக்கூடத்தில்தான். பென்சில்வேனியாவின் மைனர்ஸ்வில் ஊரில் யெகோவாவின் சாட்சிகள் பிரிவைச் சேர்ந்த இரு பிள்ளைகள், கொடிக்கு வணக்கம் செலுத்துவது தங்கள் மதத்துக்கு ஒவ்வாதது என்று மறுத்ததால் 1935-இல் பள்ளியிலிருந்து வெளியேற்றப்பட்டனர். 1940 ஜூனில், ஐரோப்பாவில் ஹிட்லரின் படைகள் பிரான்சுக்குள் முன்னேறிக்கொண்டிருந்த வேளையில், பள்ளியின் செயல் சரியே என்று உச்ச நீதிமன்றம் எட்டுக்கு ஒன்று என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. தேசிய ஒற்றுமையே தேசியப் பாதுகாப்பின் அடித்தளம் என்று அத்தீர்ப்பை எழுதியவர் நீதிபதி பீலிக்ஸ் பிராங்க்பர்ட்டர். வியன்னாவில் பிறந்து, 12 வயதில் அமெரிக்காவுக்கு வந்து, அந்நாட்டின் பள்ளிக்கூடத்தால் அமெரிக்கராக்கப்பட்டவர் அவர். அடையாளச் சடங்குகளின் ஆற்றலில் அவர் வைத்த நம்பிக்கை அவரது சொந்த வாழ்வில் கிடைத்தது. அதைப் போலியென்று ஒதுக்க இயலாது.

ஆனால் தீர்ப்பு வெளியானதும் நாட்டின் பல பகுதிகளில் அப்பிரிவினர்மீது தாக்குதல்கள் தொடங்கின. ஒற்றுமைக்காக எழுதப்பட்ட தீர்ப்பு கும்பல்களுக்குத் துணிவு தந்தது. மூன்று நீதிபதிகள் தங்கள் நிலை தவறு என்று வெளிப்படையாகக் கூறினர். மேற்கு வர்ஜீனியாவிலிருந்து அதே போன்ற வழக்கு வந்தபோது, 1943 ஜூன் 14 அன்று, நீதிமன்றம் ஆறுக்கு மூன்று என்ற கணக்கில் முந்தைய தீர்ப்பைக் கைவிட்டது. அன்று அமெரிக்கக் கொடி நாள். தீர்ப்பெழுதிய நீதிபதி ராபர்ட் ஜாக்சன், ஒற்றுமை வேண்டும் என்பதை மறுக்கவில்லை. அறிவுறுத்தியும் எடுத்துக்காட்டாய் வாழ்ந்தும் அதை வளர்க்கலாம், வற்புறுத்தி வளர்க்க முடியாது என்றார். ரோமப் பேரரசு கிறித்தவத்தை ஒழிக்க முயன்றது முதல் தம் காலத்துச் சர்வாதிகாரிகள் வரை, கட்டாயத்தால் ஒருமையை உருவாக்கப் புறப்பட்டவர்கள் எவரும் வென்றதில்லை என்பதை அவர் எடுத்துக்காட்டினார். கருத்து விஷயத்தில் எது சரியென்று விதிக்கும் அதிகாரம் எந்த அலுவலருக்கும் கிடையாது என்பது அவர் வந்தடைந்த முடிவு.

இந்தியாவிலும் இதே கேள்வி எழுந்தது. கேரளத்தில் அதே பிரிவைச் சேர்ந்த மூன்று பிள்ளைகள், தேசிய கீதத்தின்போது மரியாதையாக எழுந்து நின்றாலும் பாடவில்லை என்பதற்காகப் பள்ளியிலிருந்து நீக்கப்பட்டனர். 1986-இல் பிஜோ இம்மானுவேல் வழக்கில் இந்திய உச்ச நீதிமன்றம் அப்பிள்ளைகளுக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. இரு நாட்டு நீதிமன்றங்களும் வேறு வேறு பாதையில் வந்து ஒரே இடத்தில் நின்றன.

அமெரிக்க நீதிமன்றத்தின் அந்தத் தெளிவு முழுமையானதன்று. கொடி வணக்கத் தீர்ப்பு வந்து சரியாக ஒரு வாரத்தில், ஜூன் 21 அன்று, ஜப்பானிய வமிசத்தாருக்கு விதிக்கப்பட்ட ஊரடங்கை அதே நீதிபதிகள் ஒருமனதாக ஏற்றனர். போர்க் காலத்தில் முகாம்களில் அடைக்கப்பட்ட ஏறத்தாழ 1 லட்சத்து 20 ஆயிரம் ஜப்பானிய வமிசத்தாரில் மூன்றில் இரு பங்கினர் பிறப்பால் அமெரிக்கக் குடிமக்கள். முள்வேலிக்குள் வைத்தே அவர்களிடம் விசுவாச வினாத்தாள் கொடுக்கப்பட்டது. அம்முகாம்களில் பெற்றோரை விட்டுவிட்டுப் போர்முனைக்குச் சென்ற இளைஞர்கள் இடம்பெற்ற 442-ஆவது படைப்பிரிவு, அமெரிக்க ராணுவ வரலாற்றில் மிக அதிக விருதுகள் பெற்ற பிரிவுகளுள் ஒன்றாயிற்று. 1988-இல் அரசு மன்னிப்புக் கோரி, உயிரோடிருந்தோர் ஒவ்வொருவருக்கும் 20 ஆயிரம் டாலர் வழங்கியது.

இருபது நாள் குறைந்த நன்னடத்தை

நிறமும் கருத்தும் விலகிய பின்னும் குணத்தை அளப்பது எளிதாகிவிடவில்லை. 1947-ஆம் ஆண்டு நியூயார்க் வழக்கு ஒன்று அதைக் காட்டுகிறது. லூயி ரெபூய் என்பவர் மின்தூக்கி இயக்குநராக வேலை செய்தவர். ஐந்து பிள்ளைகளின் தந்தை. அவர்களுள் ஒரு மகன் பிறப்பின்போது மூளையில் ஏற்பட்ட காயத்தால் பார்வையின்றி, பேச்சின்றி, படுக்கையிலேயே 13 ஆண்டுகள் கிடந்தான். 1939 அக்டோபர் 12 அன்று தந்தை அவனை மயக்க மருந்து கொடுத்துக் கொன்றார். நடுவர் குழு அவரைக் குறைந்த கடுமையுள்ள குற்றப் பிரிவில் குற்றவாளி எனக் கண்டு, மிகுந்த கருணை காட்டுமாறு பரிந்துரைத்தது. நீதிபதி தண்டனையை நிறுத்தி வைத்துக் கண்காணிப்பில் விடுவித்தார். மற்ற நான்கு பிள்ளைகளுக்கும் அவர் நல்ல தந்தையாகவே வாழ்ந்தார்.

1944 செப்டம்பர் 22 அன்று அவர் குடியுரிமைக்கு விண்ணப்பித்தார். முந்தைய ஐந்து ஆண்டுகளில் நன்னடத்தை இருந்ததா என்பதே சட்டத்தின் கேள்வி. மகன் இறந்து ஐந்து ஆண்டுகள் நிறைவடைய 20 நாட்கள் எஞ்சியிருந்தன. வழக்கைக் கேட்ட நீதிபதி லேர்னட் ஹேண்ட், அமெரிக்க நீதித்துறையில் மிகவும் மதிக்கப்பட்டவர். நன்னடத்தை என்பது நீதிபதியின் சொந்த அறவுணர்வு அன்று, அக்காலத்தில் மக்களிடையே பொதுவாக ஏற்கப்பட்ட ஒழுக்க வழக்கமே அளவுகோல் என்பது அவர் கருத்து. ஆனால் மக்கள் கருத்தைத் துல்லியமாக அறியத் தம்மிடம் வழி இல்லை என்பதையும் அவர் ஒப்புக்கொண்டார். தனிநபர் கையில் இத்தகைய முடிவை விடுவதை நல்லவர்களில் பெரும்பாலோர் ஏற்கமாட்டார்கள் என்று கருதி விண்ணப்பத்தைத் தள்ளினார். அதே வேளையில், காலம் கடந்துவிட்டதால் ரெபூய் புதிதாக விண்ணப்பிக்கலாம் என்றும் சுட்டிக்காட்டினார். உடனிருந்த நீதிபதி ஜெரோம் பிராங்க் உடன்படவில்லை. சமூகத்தின் அறநெறி என்னவென்று ஊகிக்காமல் சான்றுகளைத் திரட்ட வேண்டும் என்பது அவர் நிலை.

குணம் பற்றிய தீர்ப்பு நாட்காட்டியைப் பொறுத்து அமைந்தது என்று இதை எள்ளி நகையாடலாம். உண்மையில், ஒரு மனிதரின் உள்ளத்தை அரசு எடைபோட முடியாது என்று அறிந்த நீதிபதி, வரையறுத்த காலத்துச் செயலோடு தன் விசாரணையை நிறுத்திக்கொண்டார் என்றே கொள்ள வேண்டும். பட்டியலும் காலத்தோடு மாறியே வந்திருக்கிறது. பிறன்மனை நாடுதல் 1981 வரை சட்டப் பட்டியலில் நேரடித் தடையாக இருந்தது, பின்னர் நீக்கப்பட்டது.

இப்போது என்ன மாறியிருக்கிறது?

2025 ஆகஸ்ட் உத்தரவு பட்டியலுக்கு வெளியே செல்கிறது. சமூகப் பணி, குடும்பத்தினரைப் பேணுதல், கல்வி, நிலையான வேலை, சட்டப்படி தங்கிய காலம், ஒழுங்காக வரி செலுத்துதல் ஆகியவற்றை அதிகாரிகள் சாதகமாகக் கருத வேண்டும். மறுபுறம், குற்றம் ஆகாவிட்டாலும் குடிமைப் பொறுப்புக்கு ஒவ்வாத நடத்தையைப் பாதகமாகக் கருதலாம். மீண்டும் மீண்டும் போக்குவரத்து விதிகளை மீறுதல் அதற்கான எடுத்துக்காட்டுகளுள் ஒன்று. 1991 முதல் கைவிடப்பட்டிருந்த அக்கம்பக்க விசாரணையையும் அதே மாதம் துறை மீட்டெடுத்தது. விண்ணப்பதாரரின் அண்டை வீட்டார், வேலை வழங்குவோர், உடன் பணியாற்றுவோர் ஆகியோரிடமிருந்து நற்சான்றுக் கடிதங்களை அதிகாரிகள் கேட்கலாம்.

குடிமையியல் தேர்வும் கடினமாகியுள்ளது. முன்பு வெளியிடப்பட்ட 100 கேள்விகளிலிருந்து 10 கேட்கப்படும், 6 சரியாக இருந்தால் போதும். 2025 அக்டோபர் 20 முதல் விண்ணப்பிப்போருக்கு 128 கேள்விகளிலிருந்து 20 கேட்கப்படும், 12 சரியாக இருக்க வேண்டும். தேர்ச்சி விழுக்காடு மாறவில்லை, படிக்க வேண்டிய பரப்பு கூடியிருக்கிறது. அதே ஆண்டு மார்ச் 1 அன்று ஆங்கிலம் நாட்டின் அலுவல் மொழி என்று அதிபரின் ஆணை அறிவித்தது. அதற்கு முன் கூட்டாட்சி அளவில் அலுவல் மொழி என எதுவும் அமெரிக்காவில் இருந்ததில்லை. (பிற மொழியில் கற்பிப்பதைத் தடுத்த நெப்ராஸ்கா மாகாணச் சட்டத்தை அந்நாட்டு உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது, திண்ட் தீர்ப்பு வந்த அதே 1923-இல்.)

இம்மாற்றங்களை ஆதரிப்போரின் வாதத்தில் வலு இல்லாமல் இல்லை. குடியுரிமை வெறும் பயண ஆவணம் ஆகிவிடக் கூடாது, அது ஒரு சமூகத்தில் பங்கேற்பதற்கான உறுதி என்று அவர்கள் கூறுவது வாஷிங்டன் காலத்துக் கருத்தே. முதியோரைப் பேணியதும் அண்டையருக்கு உதவியதும் ஒருவரின் விண்ணப்பத்தில் எடைபெறுவதில் குறை காண ஒன்றுமில்லை. கடினம் வேறிடத்தில் இருக்கிறது. பட்டியல் என்பது விண்ணப்பதாரருக்கும் அதிகாரிக்கும் பொதுவானது. இருவரும் அதைப் படிக்கலாம். ஆக்கபூர்வ நற்பண்பு அத்தகையதன்று. இரண்டு வேலைகள் பார்த்துக்கொண்டு, சமூகப் பணிக்கு நேரமின்றி, அண்டை வீட்டாரின் பெயர்கூட அறியாமல் வாழும் ஒருவர் நல்ல குடிமகனா? அந்த விடையை ஒரே நகரின் இரண்டு மேசைகளில் அமர்ந்திருக்கும் இரண்டு அதிகாரிகள் இரண்டு விதமாக எழுதக்கூடும். பிறப்பால் குடிமகனான எவரிடமும் இக்கேள்வி கேட்கப்படுவதில்லை என்பதும் உண்மை.

இந்திய விண்ணப்பதாரருக்கு இதில் ஒரு கூடுதல் கனம் உண்டு. இந்தியா இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை. அரசமைப்புச் சட்டத்தின் 9-ஆவது பிரிவின்படியும் குடியுரிமைச் சட்டத்தின்படியும், விரும்பி வேற்று நாட்டுக் குடியுரிமை பெற்றவர் இந்தியக் குடிமகனாக நீடிக்க முடியாது. கடவுச்சீட்டை ஒப்படைத்துவிட்டு, வேண்டுமானால் வெளிநாடு வாழ் இந்தியக் குடிமகன் அட்டை பெறலாம். அந்த அட்டைக்கு வாக்குரிமை கிடையாது. ஆகவே அமெரிக்க அதிகாரியின் மேசைக்கு முன் அமரும்போது, ஒரு நாட்டின் வாக்குரிமையை விட்டுக்கொடுக்கும் முடிவையும் அவர் எடுத்துவிட்டே அமர்கிறார்.

விண்ணப்பம் மறுக்கப்பட்டால், அதே துறையின் வேறொரு அதிகாரி முன் மறுவிசாரணை கோரலாம். அங்கும் மறுக்கப்பட்டால் கூட்டாட்சி மாவட்ட நீதிமன்றத்துக்குச் செல்லலாம். துறையின் முடிவுக்குக் கட்டுப்படாமல், வழக்கை முதலிலிருந்து ஆராயும் அதிகாரம் அந்த நீதிபதிக்கு உண்டு. 1795-இல் வரையறையின்றி எழுதப்பட்ட நன்னடத்தை என்ற சொல்லுக்கு 2025 உத்தரவு தந்திருக்கும் விரிந்த பொருள் நிற்குமா என்பது, அவ்வாறு மறுக்கப்படுபவர்கள் தொடுக்கும் வழக்குகளில்தான் தீர்மானமாகும்.